சந்தனம் பூசிய சுவிட்ச்

தசரதனுக்கு மூக்கு மேல் கோபம் என்பார்கள் ஆரணியில். மூக்கு வரை ஏற அதற்கு எங்கே பொறுமை? நேராகக் கைக்குத்தான் வரும். வேணுகோபாலின் அரிசி மில்லில் அவன் எலெக்ட்ரீஷியன். ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொட்ட ஒருத்தனைப் பளாரென்று அறைந்து காது கேட்காமல் பண்ணியிருக்கிறான். அப்பேர்ப்பட்டவன் பயந்தது தவிட்டுத் தொட்டிக்கு மட்டும்தான்.

தொட்டிக்குள் தவிட்டைத் தள்ளிக்கொண்டு போக நீளமான இரும்புத் திருகு ஒன்று சுற்றும். ஈரத் தவிடு அடைத்துக்கொண்டால் கையை விட்டு நோண்டித்தான் எடுக்க வேண்டும். ஒருத்தன் விரல்களை அது தின்ற பிறகு, தசரதன் மூடிக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்தான். மூடியைத் தூக்கினால் சுவிட்சின் நாக்கு துள்ளி வெளியே வரும், கரண்டு அறுந்து மோட்டார் நின்றுவிடும். அந்தத் தொட்டியில் வேலை பார்த்தவன் அவன் தங்கை தேவகியின் புருஷன் பச்சையப்பன். மூடியைத் தூக்குவான், கையை விடுவான். சுவிட்சை அவன் அவ்வளவு நம்பியிருந்தான்.

ஆயுத பூஜைக்கு மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் பூசுவார்கள். தசரதன் முன்கூட்டியே சுவிட்சுகளைக் காகிதத்தால் சுற்றி, காகிதத்தின் மேல்தான் பொட்டு வைப்பான். எண்பத்து மூன்றாம் வருஷம் அது வேணுகோபாலின் கண்ணில் பட்டது. காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, ஒரு கை சந்தனத்தை அள்ளி சுவிட்ச் மேலேயே அப்பினார்.

"அது காஞ்சா நாக்கு ஒட்டிக்கும் மொதலாளி. தொடச்சுடறேங்க."

"சாமிக்கு வெச்சத தொடப்பியா நீ? பொட்டு மிஷினுக்கா, பேப்பருக்கா?"

தசரதன் துணியோடு குனிந்தான். பித்தளைத் தாம்பாளம் அவன் பிடரியில் இறங்கியது. திரும்பிய வேகத்தில் வேணுகோபாலின் கழுத்தைப் பிடித்துவிட்டான். மூட்டை தூக்குகிற ஆட்கள் ஓடிவந்து, பிரித்து, மிதித்து, அவனைக் கேட்டுக்கு வெளியே எறிந்தார்கள்.

மறுநாள் விஜயதசமி, நல்ல நேரத்தில் மில்லை ஓட்டியாக வேண்டும். வீங்கிய கண்ணோடு ஸ்பானரும் துணியுமாகத் தசரதன் சைக்கிளில் பறந்தான். அவமானமா பெரிசு? ஓட்டுவதற்கு முன்னால் அந்தச் சந்தனத்தைச் சுரண்டிவிட்டால் போதும். கேட்டில் வாட்ச்மேன் மறித்தான்.

"உன்ன வுடக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிகீறார்."

தசரதன் தலையால் முட்டியதில் வாட்ச்மேனின் பல் தெறித்தது. இவன் களத்தைத் தாண்டுவதற்குள் உள்ளே மில் ஓட ஆரம்பித்திருந்தது. கூடவே அந்த அலறல்.

தவிடு அடைத்துத் திருகு அசையாமல் கிடந்திருக்கிறது. பச்சையப்பன் வழக்கம்போல மூடியைத் தூக்கினான். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, மோட்டார் நிற்காமல் பெல்ட்டை வழுக்கிக்கொண்டே ஓடியது. மற்ற மிஷின்களின் இரைச்சலில் அது அவனுக்கு எங்கே கேட்கும்? அடைப்பை நோண்டியதும் திருகு விடுபட்டுச் சுற்றி, கையை உள்ளே இழுத்துக்கொண்டது. தசரதன் மெயினை இறக்கிவிட்டு, திருகின் சக்கரத்தைக் கையாலேயே பின்பக்கமாகச் சுற்றினான். ஒவ்வொரு சுற்றுக்கும் பச்சையப்பன் கதறினான். வெளியே வந்தது முழங்கை வரைதான்.

"அவன் நேரம், நாம இன்னா பண்றது" என்றார் வேணுகோபால், வேட்டியில் ரத்தம் படாமல் ஒதுங்கி நின்றபடி.

ஸ்பானர் அவர் தாடையைப் பிளந்தது. பிடித்து இழுக்கும் வரை அடித்தான், விழுந்த பிறகும் அடித்தான். பாவி மனுஷன் பிழைத்துக்கொண்டார்.

கொலை முயற்சி கேஸ். சாட்சிக் கூண்டில் ஏறி, மீதமிருந்த கையை நீட்டி, "இவர்தான் அடிச்சாரு" என்று சொன்னவன் பச்சையப்பன். சாப்பாட்டு வேளையில் கோர்ட்டு வராந்தாவில், விலங்கோடு உட்கார்ந்திருந்த தசரதன் முன்னால் வந்து நின்றான்.

"வேற வழி தெரில மச்சான். சாட்சி சொன்னா வூட்ல ஒருத்தருக்கு வேல தரேன்னாரு மொதலாளி."

"உள்ளதத்தான சொன்னே மாப்ளே. அடிச்சது நான்தான்." தசரதனுக்கு அவன்மேல் வருத்தமே இல்லை. "அந்த சுவிட்ச தொடச்சாங்களா?"

"கழட்டிட்டாங்க. ஒயர நேரா முறுக்கி வுட்டுட்டாங்க. மூடி தெறந்தாலும் ஓடும்."

"தொட்டியில இப்ப யாரு?"

பச்சையப்பன் தொங்கிய வெறும் சட்டைக் கையை இழுத்து இடுப்பில் செருகினான்.

"யார்ரா?"

"தேவகி."

விலங்கு மாட்டிய இரண்டு கைகளாலும் தசரதன் அவன் முகத்தில் அடித்தான். "போடா, போயி அவள இழுத்துகினு வாடா" என்று கத்திக்கத்தி அடித்தான். போலீஸ்காரர்கள் லத்தியால் இவன் முதுகை உரித்தார்கள். பச்சையப்பன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. ஒற்றைக் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை அவன்.