சமக்குறிகளை வரிசையில் நிறுத்திய ரஜிதா

கோணல் என்றாலே ரஜிதாவுக்கு ஆகாது. மட்டாஞ்சேரியில் மாநகராட்சித் தொழிலாளி காளியின் மகளாக, ஒற்றை அறை வீட்டில் ஆறு பேரில் ஒருத்தியாக வளர்ந்தவள். அங்கே பாயும் தட்டும் அதனதன் இடத்தில் இருந்தால்தான் கால் நீட்ட முடியும். 2003இல், மிளகுக் கிடங்குகளுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தரும் வெங்கிடராமனின் சின்ன அலுவலகத்தில் சேர்ந்தபோது அந்தக் குணமும் கூடவே வந்து சேர்ந்தது.

நிரலில் சமக்குறிகள் ஆளுக்கொரு பக்கம் நிற்பது அவள் கண்ணை உறுத்தியது. எடிட்டரை இரண்டு நாள் நோண்டி ஒரு குறுக்குவிசை உண்டாக்கினாள். கன்ட்ரோலையும் க்யூவையும் சேர்த்துத் தட்டினால் போதும், எல்லா வரியிலும் சமக்குறி வலப்பக்கம் தள்ளப்பட்டு ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். பெருமை தாங்கவில்லை. யாருடைய கோப்பைத் திறந்தாலும், மூடும் முன் விரல் தானாக அதைத் தட்டிச் சேமித்துவிடும்.

அந்த வாரம், உடன் வேலை பார்க்கும் ரதீஷின் நிரல் பேய் பிடித்த மாதிரி ஆடியது. மிளகு மூட்டையில் ஒட்டும் சீட்டில், எந்தச் சரக்கு என்று காட்டும் லாட் எண் விழவில்லை. தாளைத் தாண்டி பிரிண்டரின் உருளையில் அச்சானது. எண் இல்லாத மூட்டையை லாரியில் ஏற்ற மாட்டார்கள். ரதீஷ் திருத்தினான், சரியானது. ரஜிதா ஒருமுறை சரிபார்த்து மூடினாள், மறுபடி கெட்டது. மூன்று தடவை இதே கதை.

"திருத்தினப்புறம் நான் தொடவே இல்லை சார்," என்றான் ரதீஷ்.

"தொடாம எப்படிடா கெட்டுப்போகும்?" என்றார் வெங்கிடராமன். "மத்தியானத்துக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா நாளைலேருந்து வரவேண்டாம்."

ரஜிதாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நிரல் இவ்வளவு ஒழுங்காக நிற்கிறதே, பிறகு பிழை எங்கிருந்து வரும்? ரதீஷ் சாயாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"நேத்து திருத்தினேன்னு நல்ல ஓர்மை," என்றான். "இல்லே, திருத்தலையோ? எனக்கே என்னை விஸ்வாசமில்லை ரஜிதா."

பாவமாக இருந்தது. அவன் நான்காவது முறை திருத்திய கோப்பைத் திறந்து, லாட் எண் வரியையே உற்றுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் தட்டிவிட்டது. சீட்டில் அச்சாக வேண்டிய வாசகத்துக்குள் இருந்த சமக்குறியும், லாட் எண்ணை இழுத்துக்கொண்டு, தாளின் விளிம்பைத் தாண்டும் தூரத்துக்கு வலப்பக்கம் ஓடி மற்றவற்றோடு வரிசையில் நின்றது.

பேசாமல் பழையபடி ஆக்கிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கணம் தோன்றியதும் உண்மை.

"ரதீஷேட்டா, கெடுத்தது என்னோட விசை. ஓரோ தடவையும் நான்தான். சார்கிட்ட நானே பறையறேன்."

திட்டு விழும் என்று தலைகுனிந்து நின்றாள். அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப எனக்குக் கிறுக்குப் பிடிக்கலை, அல்லே?" என்று கேட்டான்.