இம்பாலுக்குக் கேட்ட வாணலி

நஞ்சப்பன் கார்ட்லெஸ் போனை வாணலிக்கு நேர் மேலே பிடித்துக்கொண்டு நிற்கிறார். மறு கையில் கரண்டி. கடுகு எண்ணெய் புகையத் தொடங்குகிறது. "ஏனுங் சம்பந்திம்மா, சத்தம் கேக்குதுங்களா? போடலாமுங்களா?" என்று போனைப் பார்த்துக் கத்துகிறார். இம்பாலில் இருக்கும் அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு மணிப்புரியில் இரண்டே வார்த்தை தெரியும். 'ஹோய்' என்றால் சரி, 'நத்தே' என்றால் இல்லை. அதை வைத்துக்கொண்டுதான் சமையல் நடக்கிறது.

டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில் இவர் எனக்குப் பக்கத்து அபார்ட்மென்ட். கோபிச்செட்டிபாளையத்தில் மின்வாரிய போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் எட்டு வருஷமாகத் தானே பொங்கித் தின்று பழகியவர். காலையில் திருநீறு பூசி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்க்கிங் லாட்டைப் பத்துச் சுற்று சுற்றுவார். ஒவ்வொரு சுற்றிலும் டிரான்ஸ்பார்மர் பெட்டி அருகே நின்று காது கொடுப்பார். "லோடு நல்லாத்தான் இழுக்குதுங்க" என்று எனக்கு ரிப்போர்ட் வரும். கேட்காவிட்டாலும் வரும்.

மகன் ஜெயபிரகாஷ், இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்று சனிக்கிழமையும் ஆபீசில் கிடக்கிறார். மருமகள் சனதோம்பி இம்பால் பெண். மாசமாக இருக்கிறாள். மூன்று வாரமாக எதைத் தின்றாலும் வாந்தி. திங்கட்கிழமைக்குள் சாப்பிடத் தொடங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அம்மா செய்யும் கங்ஹௌ. பெரிய வித்தையில்லை, ஒரு பொரியல்தான். கடுகு எண்ணெயில் மிளகாய், உருளைக்கிழங்கு, பீன்ஸ், வெங்காயத்தாள் மாதிரி, பூண்டு வாசமடிக்கும் ஒரு பச்சைத் தாள். தாள் சீனாக்காரர் கடையில் கிடைத்துவிட்டது. அம்மாவுக்குத்தான் விசா கிடைக்கவில்லை.

எழுதி வாங்கினால் போதாதா என்று கேட்டேன். "எண்ணெ எப்பக் காஞ்சுதுன்னு எழுத்துல எப்படீங்க எழுதறது? சத்தத்தக் கேட்டாச் சொல்லீருவேன்னாங்களாமா." மருமகளை வைத்துப் பேசலாமென்றால், அடுப்படி வாசமே அவளுக்கு ஆகவில்லை.

போன சனிக்கிழமை முதல் முயற்சி. கைப்பழக்கம் விடுமா? எண்ணெய் காய்ந்ததும் கடுகும் உளுத்தம்பருப்பும் அள்ளிப் போட்டுவிட்டார். கடுகு வெடித்தது இம்பாலுக்குக் கேட்டுவிட்டது. "நத்தே! நத்தே!" என்று போன் அலறியது. போட்டது போட்டாயிற்று என்று இவர் கறிவேப்பிலையும் சேர்த்து, தேங்காய்ப்பூவும் தூவி இறக்கினார். சனதோம்பி தட்டைப் பார்த்து, "சாரி அப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் டிரான்ஸ்பார்மர் ரிப்போர்ட் வரவில்லை. எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

இன்று கடுகு டப்பா என் வீட்டில் இருக்கிறது. "நம்ம கை சும்மா இருக்காதுங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்று விடிந்ததும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். புகை அலாரத்துக்கு ஷவர் கேப் மாட்டியாயிற்று. நான் வேடிக்கை பார்க்க வந்து நிற்கிறேன், மறைப்பானேன்.

"ஹோய்!" மிளகாய் விழுகிறது, கிழங்கு விழுகிறது. கிளறப் போகிறார். "நத்தே." கை அப்படியே நிற்கிறது. உலகத்தின் இரண்டு மூலையில் இரண்டு பேர் ஒரே பொரியலைக் கேட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். பிறகு பீன்ஸ், உப்பு, கடைசியில் தாள். "ஹோய், ஹோய்."

வாசத்துக்குச் சனதோம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து வருகிறாள். சோற்றோடு ஒரு வாய். இரண்டாவது வாய். பாத்ரூம் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. தட்டை நீட்டி, "இன்னும், அப்பா" என்கிறாள். இருந்ததெல்லாம் அவள் தட்டுக்குப் போகிறது.

போனில் அந்த அம்மாள் எதையோ திரும்பத் திரும்பக் கேட்கிறார். சாப்பிட்டாளா என்றுதான் இருக்கும். மகளுக்கு வாய் நிறையச் சோறு, கண் நிறையத் தண்ணீர். நஞ்சப்பன் "ஹோய்" என்று சொல்லிப் பார்க்கிறார், அது அவருக்கே போதவில்லை. போனை மேடைமேல் வைத்து, வாணலியை அதன் பக்கத்தில் கொண்டுபோய், ஒன்றுமில்லாத அடியைக் கரண்டியால் கரகரவென்று சுரண்டுகிறார்.