டாக்டரிடம் அங்காளம்மாள் சொன்ன பொய்

ஒரு குழந்தைக்கு மூளை வளராமல் போனது கடவுளின் கோபம் என்கிறீர்களே, கருவில் கிடக்கும் சிசுவின் மேல் கோபப்படும் ஒருவரை எந்த நியாயத்தில் கும்பிடுகிறீர்கள்?

பெருங்களத்தூரில் பூ விற்ற அங்காளம்மாளிடம் இப்படி யாரும் பேசவில்லை. 'போன ஜென்மத்துப் பாவம்' என்றுதான் சொன்னார்கள். அவளும் நம்பினாள். மகள் தனக்கோடியைச் சுமந்து குன்றத்தூர் மலையேறினாள். வேப்பிலை அடிப்பவனிடம் கொட்டி அழுதாள். பன்னிரண்டு வயதாகியும் பிள்ளைக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் வரவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து அங்காளம்மாள் ஒரு பழக்கம் பிடித்தாள். யார் விசாரித்தாலும், "அதுக்கு இன்னா? ஜோரா கீது. எல்லாம் அதுவே பண்ணிக்கும்" என்பாள்.

1991இல், பூ வாங்க வந்த ஜெயசீலி டீச்சர்தான் விவரம் சொன்னார். இத்தகைய பிள்ளைகளுக்குப் பல்லாவரத்தில் அவர் ஒரு வகுப்பு நடத்திவந்தார். தனக்கோடியைச் சேர்த்துக்கொள்ள டாக்டரின் சான்று வேண்டும். அதற்காகத் தாம்பரத்தில் நடந்த மருத்துவ முகாமுக்கு இருவரையும் அழைத்துப் போய், உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் காத்திருந்தார்.

டாக்டர் தலை நிமிராமல் கேட்டார்.

"தானா சாப்பிடுவாளா?"

"வெளுத்துக் கட்டும் சார்."

"துணி உடுத்திப்பாளா?"

"பூகூட அதுவே வெச்சிக்கும்."

"சொன்னா புரியுமா?"

"கற்பூரம் சார்!"

'குறைபாடு இல்லை' என்று எழுதி நீட்டினார். பிள்ளையின் முகத்தை ஒரு தரம் பார்த்திருந்தால் அந்தப் பேனா நின்றிருக்கும்.

வாசலில் சீட்டைப் படித்த ஜெயசீலி பதறினார். "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? இதை வெச்சு வகுப்புல சேர்க்க முடியாதே!"

"நம்ம தெரு அஞ்சம்மா, புருசன் காலைக் காட்ட வந்து பின்னாலயே நின்னுகினு கீது டீச்சர். அது எதிர்ல இன்னான்னு சொல்றது?"

"நாளைக்கு அஞ்சம்மாவா வந்து தனக்கோடிக்குச் சோறு ஊட்டப் போறாங்க?"

அங்காளம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வரிசையை விலக்கி மறுபடி உள்ளே போனாள்.

"சார், நான் சொன்னது அத்தினியும் பொய். சோறு நான்தான் ஊட்டுறேன். பாவாட நாடா கட்டத் தெரியாது. வூட்ல வெச்சிப் பூட்டிட்டுத்தான் பூ விக்கப் போறேன்."

டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்தார். "முதல்லயே சொல்றதுக்கென்னம்மா? நான் என்ன பொண்ணு பார்க்கவா வந்திருக்கேன்?"

"நீகூடதான் பொண்ணைப் பாக்கல சார்."

வரிசை சிரித்தது. டாக்டரும் அசட்டுச் சிரிப்போடு தனக்கோடியை எதிரில் உட்கார வைத்து, நிதானமாகப் பரிசோதித்து, வேறு சீட்டு எழுதினார்.

வெளியே வந்தபோது அஞ்சம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். "டீச்சர், என் நாத்தனார் வூட்லயும் ஒரு புள்ள இப்டித்தான் கீது. வெளியில சொல்லாமலே வெச்சினு கீறாங்க."

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஆறு மாதத்தில் தனக்கோடி தன் சோற்றைத் தானே பிசைந்து தின்னக் கற்றாள். அதற்கு ஒரு டீச்சரின் பொறுமை போதுமாயிருந்தது.

வாசகரே, உங்கள் பகுதியில் இப்படி வகுப்பு எங்கே நடக்கிறது, முகாம் எப்போது என்று இந்த வாரமே விசாரியுங்கள். தெரிய வேண்டிய வீட்டில் போய்ச் சொல்லுங்கள். சொன்னதோடு திரும்பிவிடாமல், அந்தத் தாயோடு வரிசையில் நீங்களும் நில்லுங்கள்.