ரேஷன் கடைக்கு நேரே ஒன்பது எட்டு

இரண்டு வருடத்துக்கு முன், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த நாட்களில் நடந்தது இது. எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊருக்கு நடுவே போகிற சாலையை அப்போதுதான் அகலப்படுத்தித் தார் போட்டிருந்தார்கள். எங்கள் கிழக்குத் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வராததால், பெண்கள் அந்தச் சாலையைத் தாண்டித்தான் மேற்குத் தெருவுக்குக் குடம் தூக்கிக்கொண்டு போவோம். லாரிகள் வரும் வேகத்துக்கு, ஒவ்வொரு நடையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற நடைதான்.

நான் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருப்பவள். குடிநீர் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க ஊராட்சியில் ஊர்க்காரர்களையே வைத்து ஒரு குழு அமைத்தபோது, “அவளுக்குத்தான் வாய் இருக்கு” என்று என்னையும் சேர்த்தார்கள். பொய் சொல்வானேன், அந்தப் பொறுப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எப்போது நின்றது என்று தினமும் எழுதினேன். மேற்குத் தெருவுக்குக் காலை ஆறு முதல் ஏழு வரை. கிழக்குத் தெருவுக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பத்தொன்பது நாள் அதே வார்த்தையை எழுதினேன்.

தொட்டியில் நீரேற்றித் தெருத்தெருவாகத் திறந்துவிடுகிற டேங்க் ஆபரேட்டர் மேற்குத் தெருக்காரர். இது ஒன்று போதாதா எனக்கு? தன் தெருவுக்கு விட்டுவிட்டு எங்களைக் காயப்போடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒருநாள் அவரே என் வாசலில் வந்து நின்றார்.

“தங்கச்சி, ஒங்க தெரு வால்வு விசயமா ஒண்ணு சொல்லணும்…”

நான் மெஷினைக்கூட நிறுத்தவில்லை. “சாக்குப்போக்கெல்லாம் கிராம சபையில வந்து சொல்லுங்கண்ணே” என்றேன். அவர் வாசற்படியை விட்டு இறங்கினார். அப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மே தினத்தன்று கிராம சபை. நோட்டை விரித்து, தேதி தேதியாக வாசித்தேன். ஒவ்வொரு “வரவில்லை”க்கும் கூட்டத்தில் சத்தம் ஏறியது. கடைசியில் கைதட்டல் வேறு. பின்வரிசையில் அவர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். எங்கள் தெருவே சேர்ந்து அவரை உட்கார வைத்தது. அவரை நிறுத்திவிட்டு வேறு ஆள் போட வேண்டும் என்று, பெயர் போட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வந்தபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

புது ஆள் வந்தார். தண்ணீர் வரவில்லை. ஒரு வாரம், பத்து நாள் ஆனது. என் நோட்டில் பழைய வார்த்தையே திரும்பத் திரும்ப விழுந்தது. உள்ளுக்குள் லேசாக உதைத்தாலும், ஒப்புக்கொள்ள மனசில்லை. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். சம்பந்தப்பட்ட எல்லாத் துறையும் ஒரே நாளில் சேர்ந்து போய்ப் பாருங்கள் என்று உத்தரவாயிற்று.

ஒரு காலையில் மூன்று பேர் வந்தார்கள். ஊராட்சிச் செயலர், குடிநீர்த் துறை இன்ஜினீயர், சாலைத் துறை இன்ஜினீயர். அப்புறம் நடந்தது கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். எங்கள் தெருவுக்கென்று சாலையோரத்தில் தனி வால்வு ஒன்று இருக்கிறதாம். சாலை வேலையில் குழாய் உடைந்தபோது, ஒட்டுப் போடுவதற்காக அதை மூடியிருக்கிறார்கள். மறுபடி திறக்காமல், அதன் இரும்பு மூடியின் மேலேயே ஜல்லி கொட்டித் தார் போட்டுவிட்டார்கள். எந்தப் பிரம்மா வந்து தொட்டியில் நின்றாலும் எங்களுக்குத் தண்ணீர் வராது!

குடிநீர்த் துறை வரைபடத்தில் ‘பழைய பாலத்தை ஒட்டி’ என்று இருந்தது. அந்தப் பாலத்தையே சாலைக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். குத்துமதிப்பாக இரண்டு இடத்தில் வெட்டினார்கள். ஒன்றும் இல்லை.

“இன்னும் ஒரே ஒரு குழிதாம்மா. அதுக்கு மேல வெட்டணும்னா புதுசா அனுமதி வாங்கணும், மாசக்கணக்காகும்” என்றார் சாலை இன்ஜினீயர்.

“பழைய ஆபரேட்டர் எங்கங்க? இந்த வால்வுக்காக எங்க ஆபீஸுக்கே வந்தாரே. ரோட்டை வெட்ட ரோட்டு ஆபீஸ் அனுமதி வேணும்னு அனுப்பிட்டேன்” என்றார் குடிநீர் இன்ஜினீயர்.

“எங்க ஆளுங்ககிட்டயும் ஒருத்தர் வந்து சொன்னாராம். தண்ணி ஆபீஸ்ல சொல்லச் சொல்லிட்டாங்க” என்றார் சாலை இன்ஜினீயர்.

செயலர் குரல் இறங்கிப்போனது. “எங்கிட்டயும் சொன்னாரு சார். ரோடு நம்மளது இல்லயேன்னு விட்டுட்டேன்.”

மூன்று இடத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு, நாலாவதாகத்தான் அந்த மனிதர் என் வாசலுக்கு வந்திருக்கிறார். எய்தவன் இருக்க அம்பை நொந்தவள் நான். நொந்ததோடு விட்டேனா, அம்பை ஒடித்தும் போட்டேன். தெருவே என்னைப் பார்த்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. “நான் போய்க் கூட்டியாரேன்” என்று கிளம்பினேன்.

அவர் பஸ் ஸ்டாப்பில் தன் மச்சானின் டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. வழியெல்லாம் யோசித்து வைத்த மன்னிப்பை விட்டுவிட்டு, வால்வைத்தான் கேட்டேன்.

“அண்ணே… அந்த வால்வு எங்கன இருக்குன்னு தெரியலண்ணே.”

ஒரு மாதம் என்னைச் சும்மா நிற்க வைத்திருந்தாலும் நியாயம்தான். அவர் கையைத் துண்டில் துடைத்தார். “கடப்பாரை இருக்கா அங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு, சைக்கிளை எடுத்தார்.

வந்தவர் வரைபடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாலையோர ரேஷன் கடைப் படியில், கடைக்கு முதுகைக் காட்டி நின்றார். எதிரே மாதா கோயில் கொடிமரம் தெரிந்தது. அதற்கு நேராகப் பார்த்தபடி ஒன்பது எட்டு வைத்தார். கடப்பாரையால் தாரைத் தட்டினார். அரை எட்டு இடது பக்கம் நகர்ந்து மறுபடி தட்டினார்.

“இங்கிட்டு வெட்டுங்க சார்.”

முழங்கால் ஆழத்தில் இரும்பு மூடி ‘ணங்’கென்றது. அவரே குழிக்குள் இறங்கி, துருப்பிடித்த வால்வுச் சாவியை இரண்டு கையாலும் திருகினார். கொஞ்ச நேரத்தில் கிழக்குத் தெருவிலிருந்து கூச்சல். குழாய் முதலில் காற்றைத் துப்பி, அப்புறம் செந்தண்ணீரைக் கொட்டி, கடைசியில் தெளிந்தது. நான் அங்கேயே அழுதுவிட்டேன். கேட்டது மன்னிப்பா, சொன்னது நன்றியா என்று எனக்கே தெரியவில்லை.

“நோட்டுல எழுதுனதெல்லாம் சரிதான் தங்கச்சி. என்னயும் ஒரு வார்த்த கேட்டு எழுதியிருக்கலாம்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மூன்று அதிகாரிகளும் அந்த இடத்திலேயே ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். வால்வைச் சுற்றி, மூடி மேலே தெரிகிற மாதிரி சின்னச் சிமெண்ட் தொட்டி கட்டுவது, இனி சாலையைத் தோண்டும் முன் ஆபரேட்டரையும் கூட நிறுத்திக்கொள்வது என்று எழுதினார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். சேர்ந்து நின்ற ஒரே காலையில் வேலையை முடித்துக்கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் பழைய தீர்மானத்தை ரத்து செய்து அவரையே மறுபடி வேலைக்கு வைக்கச் சொல்லி நான்தான் எழுந்தேன். “விசாரிக்காமல் குற்றம் சாட்டியது நான்” என்று என் பெயரையும் எழுதச் சொன்னேன்.

“பேரெல்லாம் எதுக்கும்மா?” என்றார் கூட்டத்துக்கு வந்திருந்த அதிகாரி.

“போன தடவை அவரு பேரை எழுதுனோம்ல சார், எழுதுங்க.”

மறுநாள் காலை அவர் வழக்கம்போல் தொட்டிக்குச் சைக்கிளில் போனார். என் வாசலைத் தாண்டும்போது மணியடித்தார். அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்றும் மறக்கவில்லை.

நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ‘வந்தது’, ‘வரவில்லை’ என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் ‘ஆபரேட்டர் சொன்னது’ என்று புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அது காலியாக இருக்கும்வரை நான் யாரையும் நோக்கி விரல் நீட்டுவதில்லை. நான் வேலையைப் பறித்த மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாரே, அந்தக் கடனை நான் அடைக்கிற வழி அது ஒன்றுதான்.