உள்ளே இருக்க வேண்டிய வரி

வீட்டில் அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். அந்த அவசரத்துக்கே சம்பளம் தரும் வேலை கிடைத்தது அவள் அதிர்ஷ்டம். புரோகிராமர்கள் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுகிற கம்பைலரில், லூப்புகளை வேகமாக்குவது அவள் பொறுப்பு. திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் மாறாத வேலை ஏதாவது இருந்தால், அதை வெளியே எடுத்து ஒரே தடவை செய்ய வைப்பாள். விருந்தாளி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உலை வைப்பானேன் என்பாள்.

அன்று ஒரு புகார் வந்தது. தகடு வெட்டும் பிரஸ் மெஷினில், சென்சார் முன்னால் கட்டையை நீட்டியும் மெஷின் நிற்காமல் இறங்கியிருக்கிறது. அந்த மெஷினின் புரோகிராமைப் பிரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் ‘கை இருக்கிறதா’ என்று சென்சாரைப் படிக்கும் வரி லூப்புக்கு வெளியே போயிருந்தது. லூப்புக்குள் யாரும் அந்த மதிப்பைத் தொடவில்லை, ஆகவே அது மாறாது என்று கம்பைலரில் அவள் புதிதாகச் சேர்த்த பகுதி முடிவு கட்டிவிட்டது. ஆன் செய்யும்போது ஒரு தடவை படித்ததோடு சரி.

“சென்சார் மதிப்பு வெளியிலிருந்து மாறும்னு புரோகிராம் எழுதினவங்கதான் குறிச்சிருக்கணும். விதிப்படி நம்ம மேல தப்பில்ல. அப்படியே பதில் போடும்மா,” என்றார் மேனேஜர்.

அவள் அண்ணன் நிற்பதும் அதே ரக மெஷினில்தான். அவளைப் படிக்க வைத்தவன் அவன். அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தொழிற்சாலை கேட்டுக்கு வந்த அண்ணனுக்கு வாயெல்லாம் பல். “என்னடி, ஆபீஸ் இல்லையா? நீ வேகமாக்கின புது புரோகிராம் போட்டதுலேர்ந்து மெஷின் பறக்குது.”

“கைய நீட்டினா நிக்குதாண்ணா?”

“தினம் காலைல ஆன் பண்றப்போ பாக்குறேனே. கை இருந்தா கிளம்பவே கிளம்பாது.”

“ஓடிட்டிருக்கும்போது பாத்தியா?”

“அதான் காலைலயே பாத்தாச்சே.”

ஒரு தடவை பார்த்தால் போதும் என்று அவளும்தானே நினைத்தாள்.

“இப்ப மெஷின்ல யாரு?”

“பக்கத்து ஆள நிக்க வெச்சுட்டு வந்தேன்.”

“ஓடுண்ணா, நிறுத்து. ஓடும்போது அது கையப் பாக்காது. தப்பு என்னோடது.”

அவன் ஓடினான். உள்ளே மெஷின் இடித்துக்கொண்டே இருந்தது. மேனேஜரைக் கேட்காமலே, கம்பைலரை வாங்கியவர்கள் எல்லாருக்கும் ‘மெஷின்களை உடனே நிறுத்துங்கள்’ என்று போனிலிருந்தே அனுப்பினாள். சத்தம் நின்றது. யாராவது அலறுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

யாரும் அலறவில்லை. அண்ணன் மெதுவாகத் திரும்பி வந்தான். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“என் தங்கச்சி எழுதினதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன்,” என்றான்.