ஆறுதலா வாங்கோ

கலியாணமாகித் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக் கொட்டாஞ்சேனைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. என் கணவருக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. ஒரு நாள் காலை வீட்டில் போன் அடித்தது. வெள்ளவத்தையில் இருந்த அவருடைய சிநேகிதரின் மனைவி பேசினார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"இவற்ற அலுவல் இண்டைக்கு முடிஞ்சுது தங்கச்சி. கனநாளா இழுபட்டது, ஒருமாதிரி முடிஞ்சுது. ரெண்டு பேரும் ஆறுதலா வாங்கோ."

இவற்ற அலுவல் என்றால் இவருடைய காரியம்; அது முடிந்தது என்றால் வேறென்ன? எங்கள் ஊரில் ஆறுதல் என்றாலும் இழவு வீட்டில் சொல்வது. "இப்பமே வாரோம்க்கா" என்றேன். "ஒரு அவசரமும் இல்லை" என்றார். எவ்வளவு நெஞ்சுறுதி என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்திருந்தால் கொழும்பிலேயே வளர்ந்த என் கணவருக்கு விளங்கியிருக்கும். நான் கடைக்கு போன் செய்து, "உங்க வெள்ளவத்தை சிநேகிதர் போயிட்டாராம்" என்று சுருக்கமாகச் சொன்னேன்.

"முந்தாநாள்தானே வந்து ரெண்டு சாரம் எடுத்தாரு" என்று அவர் தழுதழுத்தார். கடையைப் பூட்டிவிட்டு, ஆள் உயர வெள்ளைப்பூ மாலையோடு வந்தார். பஸ்ஸில் எங்கள் முகத்தையும் மாலையையும் பார்த்து இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

அந்த வீட்டு வாசலில் பந்தலும் இல்லை, கூட்டமும் இல்லை. கொழும்பில் இப்படித்தான் போலும் என்று எண்ணினேன். கதவு திறந்ததும் ஊர் வழக்கப்படி அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவர் ஒரு கணம் விறைத்து நின்றார். பிறகு, எங்கள் வீட்டில்தான் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து அவரும் சேர்ந்து அழுதார்.

அப்போது செத்தவர் ஒரு தட்டு நிறையச் சுடச்சுடப் பொரித்த ரோல்ஸோடு குசினியிலிருந்து வந்தார். என் கணவர் பொத்தென்று மாலையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆர் மோசம் போனது? ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றார் செத்தவர்.

"நீங்கதான்" என்றார் என் கணவர்.

முடிந்த அலுவல் என்னவென்றால், கார் ஓட்டும் சோதனையில் நான்கு தடவை தோற்று ஐந்தாவது தடவையில் அவர் பாஸாகியிருந்தார்.

அவர் தமிழ் வாத்தியார். எனக்குத் தேநீரை ஆற்றிக்கொண்டே விளக்கினார். "தேத்தண்ணி ஆறும், புண் ஆறும், கோவம் ஆறும். சூடு தணியிறதுதான் ஆறுதல். உங்களுக்குத் துக்கம் ஆறினா ஆறுதல். எங்களுக்கு அவசரம் ஆறினாலும் ஆறுதல்தான்."

"அப்ப ஓடுற ஆறு?" என்று கேட்டார் என் கணவர்.

"அது வேற ஆறு. அதுக்குள்ள விழாதேங்கோ."

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அவசரமில்லை எண்டனான். புருசன் செத்தவள் அப்பிடிச் சொல்லுவாளோ?"

நான் இன்னொரு ரோல்ஸை எடுத்து வாய் நிறைய அடைத்துக்கொண்டேன். என் கன்னத்தைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பிறகு எப்போது போன் செய்தாலும், "ஒருத்தரும் சாகேல்லை, தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்.