நல்லவன் என்று நாலு கடிதம்

கனடா போவதற்கு அப்போது மார்க் முறை. படிப்புக்கு இத்தனை, வயதுக்கு இத்தனை, தொழில் அனுபவத்துக்கு இத்தனை. அனுபவத்தில் சைபர் வாங்கினால், மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் கதவு அடைத்ததுதான். எனக்கு அந்தப் பயமே இல்லை. மதுரையில் ஒரே பட்டறையில் பதினோரு வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டியவன் நான். எழுமலை, பேரையூர்ப் பக்கம் கிணற்று மோட்டார் எது புகைந்தாலும் என் கைக்குத்தான் வரும்.

என்னென்ன வேலை பார்த்தேன் என்று முதலாளியிடம் கடிதம் வாங்கி அனுப்பச் சொன்னார்கள், டெல்லியில் இருந்த கனடா தூதரகத்தில். அவரும் சந்தோஷமாக டைப் அடிக்க வைத்துக் கொடுத்தார். இவர் நல்லவர், நாணயமானவர், வெற்றிலைகூடப் போடமாட்டார். வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. டெல்லியிலிருந்து திரும்பி வந்தது. அடுத்த கடிதத்தில் என் அப்பாவும் நல்லவர் என்று சேர்த்தார். மூன்றாவதில், பட்டறைச் சாமி படத்துக்குப் பூப்போடுவதும் நான்தான் என்று இருந்தது. நல்லவனுக்கு அங்கே மார்க் கிடையாது என்று எத்தனை தடவை சொல்வது?

ஒவ்வொரு கடிதமும் போய்த் திரும்ப மாதக்கணக்கு ஆனது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். போகப் போகிறோமே என்று என் மனைவி ஒரு பீரோகூட வாங்கவிடவில்லை. துணியெல்லாம் டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது. எனக்கு அலுத்துவிட்டது.

இதுதான் கடைசி, கெடுவுக்குள் சரியான கடிதம் வராவிட்டால் பைலை மூடிவிடுவோம் என்று டெல்லியிலிருந்து எழுதினார்கள். நானே என் வேலைகளை ஒரு முழுத்தாளில் எழுதி முதலாளியிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இம்புட்டையும் நீயாப்பா பாக்குற?"

"ஆமா மொதலாளி. இத அப்படியே டைப் அடிச்சுக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"நீ போயிட்டா இதையெல்லாம் யாருப்பா பாக்குறது?"

அந்தக் கேள்வி அவருக்கு அன்றுதான் தோன்றியிருக்கிறது. தாளை டிராயருக்குள் வைத்தார்.

மறுநாள் கடிதம் தந்தார். என் தாளிலிருந்து ஒரு சொல்கூட அதில் இல்லை. அதே நல்லவர், நாணயமானவர். கடைசியில் மட்டும் புதிதாக ஒரு வரி: இவர் இல்லாவிட்டால் எங்கள் பட்டறை ஓடாது.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பதினோரு வருஷத்தில் அவர் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதே இல்லை. சண்டை போடத் தெம்பும் இல்லை, கெடுவில் நாளும் இல்லை. அதையே தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"இந்தத் தடவ என்ன எழுதியிருக்காரு?" என்றாள் மனைவி.

"பீரோ வாங்கிக்கலாம்" என்றேன்.